முன்டயர் ரெண்டும் என்னோடது

கால்ல இடிக்குதா சார்? இருங்க, இந்தப் பக்கமாச் சாச்சுக்கிறேன். பஸ்ஸு வளைஞ்சா உருண்டு வந்துருது, அதான் முழங்காலக் குடுத்து அணைச்சுக்கிட்டே வாரேன். இப்பப் பரவால்லையா? ஒண்ணும் நெனச்சுக்கிறாதீங்க. டயருக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சு. கண்டக்டர் பின்னாடி டிக்கியில போடச் சொன்னாப்ல. அங்க போட்டுட்டு நான் இங்க எப்படி நிம்மதியா உக்காந்திருப்பேன்? ஒம்பது நாளா இதைத் தூக்கிக்கிட்டு அலையிறேன் சார்.

புது டயர் மாதிரி இருக்குல்ல? நாலு மாசம் ஓடுனது. பட்டனைப் பாருங்க, ஒவ்வொண்ணும் கட்டவெரல் தண்டி நிக்குது. இதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். இதே பட்டன், இதே ஒசரம், இதே தேய்மானம். கடைக்காரன் எல்லாம் போன்ல போட்டோ அனுப்புங்கிறான். போட்டோவுல பட்டன் தெரியும், தேய்மானம் தெரியுமா? அதான் டயரையே தூக்கிட்டு வந்துட்டேன். இந்தா, சட்டைப்பையில சணல் கயிறு இருக்கு பாருங்க. முடிச்சுப் போட்டிருக்கேன்ல, அதான் அளவு. டயரச் சுத்திக் கயித்தப் போட்டா முடிச்சும் நுனியும் தொடணும். தொடலேன்னா வேணாம்னு வந்துருவேன்.

தேனி பாத்தாச்சு. சின்னமனூர், கம்பம், பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல்லு வரைக்கும் பாத்தாச்சு. இந்தப் பட்டனைக் கம்பெனிக்காரன் நிறுத்திட்டானாம். எங்கயாவது கெடந்தாலும் மொட்டையாக் கெடக்கு. இனி மதுரைதான் மிச்சம். அங்க பழைய டயருக்குன்னே ஒரு தெரு இருக்குங்கிறாங்க, உண்மையா சார்? இன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள கெடச்சாகணும். நாளைக்குக் காலைல எந்தம்பிய மதுரை ஆஸ்பத்திரில இருந்து விடுறாங்க. அதுக்குள்ள கெடைக்கலேன்னா அவன் ஊருக்கு வரமாட்டான். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, இனிமே வரவே மாட்டான். பயமா இருக்கு சார். 

டயருக்கும் தம்பிக்கும் என்ன சம்பந்தம்னு பாக்குறீங்க. சொல்றேன். மதுரை போறவரைக்கும் வேற என்ன வேலை?

எங்க ஊரு போடிக்கு மேல, புலிக்கல்லு. நாப்பது வீடு. ரோடு கெடையாது, பாதைதான். கல்லும் சகதியும். வளைவுல மட்டும் பஞ்சாயத்துல சிமெண்டு போட்டு வச்சிருக்காங்க. அதுல சாதா வண்டி ஏறாது, போர்வீல் ஜீப்புதான் ஏறும். கியருக்குப் பக்கத்துல ஒரு கம்பி இருக்கும், அத ஒரு தட்டுத் தட்டுனா பின்சக்கரத்தோட முன்சக்கரமும் சேந்து இழுக்கும். எங்கப்பா ஓட்டுன ஜீப்பு அது. அவரு செத்து முப்பது முடியுறதுக்குள்ள பாகம் பிரிச்சாச்சு. வீட்டுல நடுச்சுவரு வச்சோம். ஏலத் தோட்டத்துல ஓடைக்கு இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் காசிமாயனுக்கு. காசிமாயன்தான் எந்தம்பி. ஜீப்ப எப்படிப் பிரிக்கிறது? ஊர்ப் பெரியாளுக உக்காந்து பேசுனாங்க. ஒரு வாரம் மூத்தவன், ஒரு வாரம் இளையவன். திங்கக்கெழமை காலைல சாவி கைமாறணும். சரின்னோம்.

அப்புறம் டயர் தேஞ்சுபோச்சு. யாரு வாங்குறது? அவன் வாரத்துலதான் தேஞ்சுச்சுன்னு நான், என் வாரத்துலதான்னு அவன். திரும்பப் பஞ்சாயத்து. அப்ப நான்தான் சார் வழி சொன்னேன். முன்டயர் ரெண்டும் என்னோடது, பின்டயர் ரெண்டும் அவனோடது. அவனவன் டயர அவனவன் பாத்துக்கிற வேண்டியது. எல்லாரும் 'நல்ல யோசனை'ன்னு தலையாட்டுனாங்க. காசிமாயன்கூடத் தலையாட்டுனான், கேட்டுப் பாருங்க.

முன்டயர ஏன் கேட்டேன்னு சொல்லுங்க பாப்போம். ஆயுத பூசையன்னைக்கு எலுமிச்சம்பழம் எந்தச் சக்கரத்துக்குக் கீழ வைக்கிறாங்க? முன்சக்கரத்துக்குத்தான. சாமி கும்புட்டு வண்டிய எடுக்கிறப்ப நசுங்குறது அதுலதான. மூத்தவனுக்கு உள்ள மரியாதை அது. அத விட்டுக்குடுக்க முடியுமா? நான் போயி நல்ல டயரா, பெரிய பட்டனா, வண்டி நிமிந்து நிக்கிற மாதிரி ரெண்டு வாங்கிப் போட்டேன். இந்தா, இதுதான் ஒண்ணு. ஊரே வந்து தடவிப் பாத்துச்சு. அவன் என்ன செஞ்சான்? போடி சந்தைக்கு எதுத்தாப்ல எந்தக் கடைல கேட்டாலும் எடுத்துக் குடுப்பான் பாருங்க, சாதா டயரு, அதுல ரெண்டக் கொண்டாந்து பின்னாடி மாட்டிட்டான். முன்னாடி தூக்கிக்கிட்டும் பின்னாடி குந்திக்கிட்டும் நின்னுச்சு வண்டி. எனக்கு வந்த கோவம் இருக்கே. அண்ணன் இம்புட்டு நல்லதா வாங்கியிருக்கானே, அதே மாதிரி வாங்குவோம்னு தோணலையே அவனுக்கு?

இல்ல சார், மொத வாங்குறப்ப அவன்கிட்டக் கேக்கல. மூத்தவன் போயி இளையவன்கிட்ட என்ன டயர் வாங்கட்டும்னு கேப்பானா?

ஒரு மாசத்துல வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. போர்வீல் போட்டு சிமெண்டு வளைவுல திருப்புனா விசுக் விசுக்குனு இழுக்குது. கம்பிய எடுத்தா வரமாட்டேங்குது. போடில சவரின்னு ஒரு மெக்கானிக் இருக்காரு, எங்கப்பா காலத்து ஆளு. அவருகிட்ட ரெண்டு பேருமே போனோம். அவரு ஒரு கயித்த எடுத்தாரு. என் டயரச் சுத்தி அளந்தாரு, அவன் டயரச் சுத்தி அளந்தாரு. நாலு வெரக்கடை வித்தியாசம். "ஏண்டா, ஒரு வண்டில ரெண்டு மாட்டப் பூட்டி, ஒண்ணு பத்து எட்டு வைக்கிறப்ப ஒண்ணு பதினோரு எட்டு வச்சா நுகத்தடி என்னடா ஆகும்?"னு கேட்டாரு. சகதின்னா சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசம் கழிஞ்சுருமாம். சிமெண்டு வழுக்காது. அந்த முறுக்கு அம்புட்டும் நடுவுல இருக்கிற போர்வீல் பெட்டிக்குப் போயிருமாம். "நாலு டயரும் ஒண்ணாப் போடுங்க. எதுன்னாலும் சரி, ஒண்ணாப் போடுங்க. இல்ல, என்னைக்காச்சும் பெட்டி ஒடைஞ்சு உருண்டு வருவீங்க. ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பெட்டியிலதாண்டா இருக்கு"ன்னாரு.

அப்பக்கூட காசிமாயன் தணிஞ்சுதான் பேசுனான், பொய் சொல்லக் கூடாது. "அண்ணே, ஏலக்கா எடுத்ததும் ஒங்க டயரு மாதிரியே ரெண்டு நானே வாங்கிப்புடுறேன். அதுவரைக்கும் சிமெண்டு வந்தா மட்டும் போர்வீல எடுத்துருங்கண்ணே"ன்னான்.

எடுத்துருங்கண்ணே! கேட்டீங்களா? எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாரான். அவன் டவுசர் போட்டுத் திரிஞ்ச காலத்துல அவனை மடியில வச்சு அந்த ஸ்டேரிங்கப் புடிக்க விட்டவன் நான். சவரியண்ணன் முன்னாடி வேற சொல்லிட்டான். 

அவன் வாரத்துல ஒவ்வொரு வளைவுக்கும் வண்டிய நிறுத்துவான். கம்பிய எடுப்பான். வளைவு தாண்டிச் சகதி வந்தா திரும்ப நிறுத்துவான், கம்பியப் போடுவான். பதினேழு வளைவு சார். உள்ள இருக்கிற சனம் "என்னப்பா, மாட்டுவண்டியே மேலு போலயே"ன்னு நக்கலடிக்கும். அவன் சிரிச்சுக்கிட்டே எறங்கி ஏறுவான். என் வாரத்துல அப்படியெல்லாம் கெடையாது. அடிவாரத்துல கம்பியத் தட்டுனா ஊரு வந்துதான் எடுப்பேன். சனம் சொல்லும், வண்டின்னா பெரியவரு ஓட்டணும்னு. சொல்லிருக்காங்க சார்.

அந்தப் பொதங்கெழமை வந்துச்சு. அவன் வாரம். காலைல எட்டு மணிக்கு எறக்கத்துல வாரான். உள்ள பதினோரு பேரு, நாலு மூட்டை ஏலக்கா. என் மக பவளமும் அதுலதான் இருந்தா, பள்ளிக்கூடத்துக்கு. ஒம்பதாவது வளைவு தாண்டி, நெட்டு எறக்கம். பெட்டி ஒடஞ்சிருச்சு. எஞ்சின் ஒரு பக்கம் ஓடுது, சக்கரம் ஒரு பக்கம் ஓடுது. கால்பிரேக்க மட்டும் வச்சுக்கிட்டு அந்த எறக்கத்துல என்ன பண்றது? எடது பக்கம் கெடுகெடுன்னு பள்ளம். வலது பக்கம் பாறை. வலது பக்கம்னா ஓட்டுறவன் பக்கம். பவளம் சொன்னா, "சித்தப்பா ஒரே ஒரு வார்த்தைதாம்ப்பா சொன்னாரு, எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்கங்கன்னு". சொல்லிட்டு ஸ்டேரிங்க வலது பக்கம் ஒடிச்சுட்டான்.

ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. பவளத்துக்கு நெத்தியில ஒரு சிராய்ப்பு, அம்புட்டுதான். அவன் காலு மட்டும் கதவுக்கும் பாறைக்கும் நடுவுல மாட்டிக்கிருச்சு. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுன்னு ஊர்ல சொல்றாங்க. போனது தலப்பாகை இல்லையே சார், காலுல்ல.

கட்டில்ல கட்டித் தூக்கிக்கிட்டு எறங்குனோம். கட்டிலோட முன்காலு நான்தான் புடிச்சேன். அவன் வலியில கத்தவே இல்ல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். தேனில பாத்துட்டு மதுரைக்கு அனுப்பிட்டாங்க. கம்பி வச்சுத் தச்சிருக்காங்க. எலும்பு பொடிஞ்சதுனால அந்தக் காலு ரெண்டு வெரக்கடை கொறையுமாம். அதுக்குத் தக்கன செருப்புச் செஞ்சுக்கலாம்னாரு டாக்டர். அவரு போனதும் காசிமாயன் என்னப் பாத்துச் சிரிச்சான். "எனக்கும் டயரு மாறிப்போச்சுண்ணே. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு"ன்னான். நானும் சிரிச்சேன். சிரிக்கத்தான செய்யணும்? அவன் பொண்டாட்டி ஈஸ்வரி எந்திரிச்சு வெளிய போயிட்டா. அந்தப் பிள்ளைக்கு எப்பவுமே முகம் கொடுத்துப் பேசத் தெரியாது. மனசுல கோவம் இருந்தா அவன் சிரிப்பானா சார்? நீங்களே சொல்லுங்க.

போன வாரம் அவன் மச்சினன் வந்தான். கம்பத்துல வீடு பாத்துட்டானாம். காரு கொண்டாந்து நேரா அங்க கூட்டிட்டுப் போயிருவானாம். தோட்டத்த வித்துட்டு அங்கேயே இருந்துக்கிறட்டும்னு பேசிக்கிறாங்க. நான் தம்பி கட்டில்கிட்டப் போயி உக்காந்தேன். "காசி, ஜீப்புல புதுப் பெட்டி மாட்டியாச்சுடா. நானே வந்து ஒன்னையக் கூட்டிட்டுப் போறேன்டா. நம்ம வண்டில நம்ம வீட்டுக்குப் போவோம்டா"ன்னேன். ரொம்ப நேரம் மோட்டு வளையப் பாத்துக்கிட்டே கெடந்தான். அப்புறம் சொன்னான், "நாலும் ஒண்ணா ஆகட்டும்ணே. அப்ப ஏறுறேன்."

அதான் சார். அம்புட்டுதான் கேட்டான். அன்னைக்குச் சாயங்காலமே சவரியண்ணன் செட்டுக்குப் போயி என் டயர்ல ஒண்ணக் கழட்டிக்கிட்டுக் கெளம்புனேன். பின்னாடிக்கு ரெண்டு, இதே மாதிரி. கெடச்சா இதையும் சேத்து இன்னைக்கே பஸ்ல போட்டு விட்டுருவேன். சவரியண்ணன் மாட்டி, விடியிறதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்திருவாப்ல.

என்ன கேட்டீங்க? தம்பி டயரு மாதிரி ரெண்ட வாங்கி முன்னாடி மாட்டுனா என்னன்னா?

எல்லாரும் இதையே கேக்குறீங்க. சவரியண்ணனும் இதத்தான் கேட்டாரு. என் பொண்டாட்டி பேச்சியும் இதத்தான் கேக்குறா. அந்த டயரு தெருத்தெருவாக் கெடைக்கும். ஒம்பது நாளு எதுக்கு, ஒம்பது நிமிசத்துல கெடைக்கும். அது எனக்குத் தெரியாதா? அது முடியாது சார். என் டயரு நல்ல டயரு. நல்ல டயரக் கழட்டிப் போட்டுட்டுச் சாதா டயர எவனாவது மாட்டுவானா? தப்பு பின்டயர்ல இருக்கிறப்ப முன்டயர எதுக்குக் கழட்டணும்? சொல்லுங்க.

கோவிச்சுக்கிறாதீங்க. சத்தமாப் பேசிட்டேன். கண்டக்டர் வேற திரும்பிப் பாக்குறாப்ல.

உசிலம்பட்டி வந்துருச்சா? இங்க பத்து நிமிசம் நிப்பான். டீ எதுவும் குடிக்கிறீங்களா? வேணாமா? எனக்கும் வேணாம்.

சார், அந்தா பாருங்க. அந்தச் செவப்பு போர்டுக்குக் கீழ. ரெண்டு தொங்குதுல்ல? அதான் தம்பி டயரு. எந்த ஊர்ல எறங்குனாலும் கண்ணு முன்னாடி அதுதான் வந்து தொங்குது.

ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. நீங்க யாரோ, நான் யாரோ. மதுரைல எறங்குனா ஒங்க வழி ஒங்களுக்கு.

பொதங்கெழமைக்கு முந்துன ஞாயித்துக்கெழமை என் வாரத்துக் கடைசி நாளு. கல்யாணச் சாமான் ஏத்திக்கிட்டு மேல போறேன். முழுப் பாதையும் போர்வீல்லதான் போறேன். கடைசி வளைவு, தம்பி வாசலுக்கு நேரா கீழ இருக்கு. அவன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். சிமெண்டுல ஸ்டேரிங்க முழுசா ஒடிச்சேன். கீழ இருந்து 'டொக்'குனு ஒரு சத்தம். கொட்டப்பாக்கக் கடிச்ச மாதிரி, ஒரே சத்தம். கம்பி வரல. பத்தடி பின்னாடி வந்து எடுத்தேன், வந்துருச்சு. அதுக்கப்புறம் வீடு வரைக்கும் உள்ள என்னமோ அரைபடுற சத்தம் லேசாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கூட வந்த பேச்சி "என்னங்க சத்தம்"னா. கல்லுடின்னேன்.

திங்கக்கெழமை காலைல எப்பவும் நான்தான் வாசலுக்கு வந்து சாவியக் குடுப்பேன். அன்னைக்குப் பேச்சிகிட்டக் குடுத்துவிட்டேன். போர்வையத் தலையோட இழுத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். நடுச்சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான், "வண்டி எப்படிண்ணே இருக்கு?"

"ஓடுது"ன்னேன்.

ஒரு வார்த்தை சார். சத்தம் கேட்டுச்சுடா, சவரியண்ணன்கிட்டக் காட்டிட்டு எடுடான்னு சொல்லியிருக்கலாம். சொன்னா சிரிப்பானே. சிமெண்டுல எடுக்கச் சொன்னேன்லண்ணேம்பானே. எலுமிச்சம்பழம் நசுக்குன டயரு, ஊரே தடவிப் பாத்த டயரு. மூணு நாள்ல எம்மகளையும் ஏத்திக்கிட்டு எறங்குவான்னு எனக்குத் தெரியுமா?

ஆஸ்பத்திரில கேட்டான். மோட்டு வளையப் பாத்துக்கிட்டுக் கெடந்தான்னு சொன்னேன்ல, அப்பத்தான். "ஞாயித்துக்கெழம வண்டி எதுவும் சத்தம் போட்டுச்சாண்ணே?"

இல்லையேன்னுட்டேன்.

அதுக்கப்புறந்தான் சார் சொன்னான், நாலும் ஒண்ணா ஆகட்டும்னு.

இப்ப நான் என் டயர ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு அவன் டயர மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா என்ன அர்த்தம்? நான்தான்டா ஒன் கால ஒடிச்சேன்னு சொன்ன மாதிரி ஆகாதா? அவன்கிட்ட மட்டுமா, ஈஸ்வரிகிட்ட, பவளத்துகிட்ட, ஊர்கிட்ட. சித்தப்பா எப்பப்பா வருவாருன்னு பவளம் தெனமும் கேக்குறா சார்.

ரெண்டு டயருதான். அந்தா தொங்குது. அஞ்சு நிமிசத்துல வாங்கிருவேன். எறங்கிருவா சார்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, எறங்கிடுறேன். ஒங்க பேச்சக் கேட்டு எறங்குனதா நெனச்சுக்கிறேன். சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்களே. இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க. எந்திரிச்சுட்டேன். இந்த டயரு வேற வழிய மறிச்சுக்கிட்டு... சீட்டுக்கம்பியில மாட்டிக்கிருச்சு. அண்ணே, கொஞ்சம் நகருங்கண்ணே. கண்டக்டர், ஒரு நிமிசம்...

விசில் அடிச்சுட்டானா?

சரி. எடுத்துட்டான்ல. ஓடுற வண்டில இருந்து டயரோட எப்படி எறங்குறது? நல்லவேளை. இல்ல, எதுக்குச் சொல்றேன்னா, மதுரைல கெடைக்கும். அவ்வளவு பெரிய ஊர்ல ரெண்டு டயரு கெடைக்காமயா போயிரும்? கெடைக்கும்ல சார்?

கயித்தக் குடுங்க. காலக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க, முன்னாடி வளைவு வருது. இது உருண்டா ஒங்க கால்லதான் வந்து விழும்.